நீர்யானையின் கால் விரல்கள்

அந்த வீட்டில் தினமும் மாலை ஐந்தரை மணிக்குக் கார்ட்டூன் ஓடும். சத்தம் மாடிப்படி வரை கேட்கும். புதிதாகக் குடிவந்த எதிர்வீட்டுப் பெண் ஒருநாள் வாயைத் திறந்து கேட்டே விட்டாள்.

"உங்க வீட்டுல சின்னப் பிள்ளை இருக்கா, அக்கா? கண்ணுல படவே இல்லையே."

"இருக்கு. அம்பத்திரண்டு வயசு ஆகுது" என்றாள் இவள்.

இவள் திரைச்சீலை தைப்பவள். கடையிலிருந்து துணியும் அளவுச் சீட்டும் வீட்டுக்கு வரும். முன்னறையில் தையல் மிஷின், அதற்குப் பக்கத்தில் துணி வெட்ட ஒரு நீள மேஜை, எதிர்ச்சுவரில் டிவி. மிஷின் சுவரைப் பார்த்து இருந்ததால் டிவிக்கு இவள் முதுகுதான் காட்டுவாள். அம்பத்திரண்டு வயதுப் பிள்ளை இவளுடைய கணவர்.

அவர் கிரேன் ஓட்டுபவர். பல மாடிக் கட்டடங்கள் எழும் இடத்தில், கட்டடத்தைவிட உயரமாக ஒற்றைக் கால் ஊன்றி நிற்குமே, அந்தக் கிரேன். காலையில் இரும்பு ஏணியில் அறுபது மீட்டர் ஏறிக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் இறங்குவார். மத்தியானச் சாப்பாடும் மேலேதான்.

கீழே வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் தராசு. எந்தப் பொருளைப் பார்த்தாலும் எடை சொல்லிவிடுவார். கம்பிக்கட்டு, செங்கல் அடுக்கு, ஈர மணல், காய்ந்த மணல், எதுவானாலும் கண்ணாலேயே நிறுத்துவிடுவார். கல்யாணத்தன்று மணப்பெண்ணைப் பார்த்ததும் சிநேகிதன் காதில் "நாப்பத்தாறு கிலோ" என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. யாராவது அதைச் சொல்லிச் சிரித்தால் அவர் உடனே மறுப்பார். "சும்மா கதை விடாதீங்க. நான் சொன்னது நாப்பத்தேழு."

கார்ட்டூன் பழக்கம் மகளால் வந்தது. அவளுக்கு மூன்று வயதாக இருந்தபோது ஒரு நீர்யானைக் கார்ட்டூன் வந்துகொண்டிருந்தது. வீடு காலி செய்பவர்களுக்குச் சாமான் தூக்கிக் கொடுப்பது அந்த நீர்யானையின் தொழில். கூட்டாளி ஓர் அணில். இரண்டும் ஒரு வார்த்தை பேசாது. நீர்யானை பெரிய மர பீரோவை முதுகில் வைத்துக் குறுகலான மாடிப்படியில் ஏறும். பின்னால் அணில் ஒரு தீப்பெட்டியைச் சுமந்துகொண்டு அதே மாதிரி மூச்சு வாங்கும். கடைசிப் படியில் பீரோ வழுக்கும். நீர்யானை அதன் அடியில் அகப்பட்டுச் சப்பட்டையாகி, பாய் மாதிரி படிகளில் சுருண்டு இறங்கும். அணில் மட்டும் எப்படியோ தப்பி ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்திருக்கும். மகள் உருண்டு புரண்டு சிரிப்பாள். அப்பா அவளைவிட அதிகமாகச் சிரிப்பார்.

மகள் வளர்ந்து, படித்து, நர்ஸாகி வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டாள். டிவியில் அதே கதைகள் திரும்பத் திரும்ப வந்தன; அப்பா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"வெக்கமா இல்லையா உங்களுக்கு?" என்று இவள் மிஷினை மிதித்தபடியே கேட்பாள்.

"இந்தா, திரும்பிப் பாரு. இந்தப் பீரோ எத்தனை கிலோ இருக்கும்?"

"வரைஞ்ச பீரோவுக்கு ஏதுங்க எடை?"

"அங்கதான் விஷயமே இருக்கு. வெறும் பென்சில் கோடு. ஊதினா பறக்கிற காகிதம். அதுல இருநூறு கிலோவை எவனோ ஒருத்தன் கொண்டுவந்து வச்சிருக்கான் பாரு. எப்படி வச்சான்?" அந்த 'எப்படி'யைச் சொல்லும்போது குரல் இறங்கிவிடும். பெரிய மனிதர் ஒருவர் அறைக்குள் வந்துவிட்டது போல உட்கார்ந்த இடத்திலேயே நிமிர்ந்துகொள்வார். எல்லாக் கார்ட்டூனும் அவருக்குப் பிடிக்காது. சிலவற்றை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "எல்லாம் பஞ்சு மூட்டை" என்று மாற்றிவிடுவார்.

இவளுக்கு அவருடைய சிரிப்பை விட அவர் ஏறும் உயரம்தான் பெரிய கவலை. இருபத்தைந்து வருஷமாகக் காலையில் எழுந்ததும் ஜன்னலைத் திறந்து காற்று எப்படி அடிக்கிறது என்று பார்ப்பாள். கீழே ஏதாவது வேலை கேளுங்களேன் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டாள்.

அந்தக் கீழ் வேலை ஒருநாள் தானாகவே வந்தது.

ஒன்பதாவது மாடிக்குக் கம்பிக்கட்டு ஏற்றிக்கொண்டிருந்தபோது திடீர்க் காற்று. கட்டு ஊசலாடியது. தொங்கும் சுமை ஆட ஆரம்பித்தால் அது போகிற பக்கமே கொக்கியைக் கொண்டுபோய், அதன் தலைக்கு நேர் மேலே நிறுத்த வேண்டும். அப்போதுதான் ஆட்டம் அடங்கும். அன்று அவர் ஒரு நொடி தாமதித்துவிட்டார். கம்பி முனை ஒரு தொழிலாளியின் ஹெல்மெட்டைத் தட்டிக்கொண்டு போயிற்று. ஹெல்மெட் இரண்டாகப் பிளந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. விசாரித்தவர்கள் காற்றுதான் காரணம் என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

அவர் மனதில் அப்படி எழுதிக்கொள்ளவில்லை. மறுநாள் ஏணி வரை போய், முதல் கம்பியில் கை வைத்து, திரும்பி வந்துவிட்டார்.

அதற்கு அடுத்த நாளும் அப்படியே. இன்ஜினியர் நல்ல மனிதர்தான். பத்து நாள் ஓய்வு கொடுத்தார். "திங்கட்கிழமை ஏறலேன்னா வேற ஆளைப் போட வேண்டி வரும். நீங்க ஸ்டோர்ல உக்காந்து போல்ட்டு நட்டு எடுத்துக் குடுங்க, போதும்" என்றார்.

"ஸ்டோரே போதும்" என்று வீட்டில் வந்து சொன்னார்.

இவள் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் மாலை ஐந்தரைக்கு அவர் பழக்கதோஷத்தில் டிவி போட்டார். நீர்யானை படியேறியது. கடைசிப் படி. பீரோ வழுக்கியது. சட்டென்று அணைத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியை அவர் தொடவே இல்லை. எடை சொல்வதும் நின்றுபோயிற்று. ஒருநாள் இவள் வேண்டுமென்றே துணி மூட்டையை அவர் முன்னால் வைத்து, "இது எத்தனை கிலோங்க?" என்று கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும்" என்றார். இவள் மூட்டையை எடுத்து ஓரமாக வைத்தாள். இந்த ஆளை யார் கீழே இறக்கச் சொன்னது என்று தன்மேலேயே கோபம் வந்தது.

வெள்ளிக்கிழமை விசில் வந்தான். கீழே நின்று கிரேனுக்குச் சைகை காட்டும் கூட்டாளி. நாள் முழுக்க வாயில் விசில் இருப்பதால் அந்தப் பெயர்.

"அண்ணே, உங்க லீவுக்கு வந்திருக்கிற ஆளு தூக்குறதைப் பாத்தா, அப்பளத்தை எடுக்கிற மாதிரி இருக்கு. எனக்கு நெஞ்சு அடைக்குது. வந்துடுங்கண்ணே."

"போடா. ஒருத்தன் மண்டை போயிருக்கும்."

"நீங்கதானே கடைசியில தூக்கி விட்டீங்க! இல்லேன்னா நெஞ்சுல வாங்கியிருப்பான். நான் கீழ நின்னு பாத்தேன்."

"நான் எங்கடா தூக்கினேன்? கை மரக்கட்டையா விறைச்சுப் போச்சு. காத்து தூக்கிச்சு."

"ஆமா, முக்கால் டன்னைக் காத்து தூக்கும்! அண்ணி, நீங்களே கேளுங்க இதை."

அண்ணி மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். காதில் மட்டும் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் அவர் உள்ளறையில் படுத்திருந்தார். இவளுக்கு ஒரு யோசனை வந்தது. இத்தனை வருஷம் ஒரு மனிதரைச் சிரிக்க வைத்தது, இன்று பயமுறுத்துகிறது. அதில் அப்படி என்னதான் இருக்கிறது? மகள், தான் விட்டுப்போன பழைய லேப்டாப்பில் நீர்யானைக் கதை எல்லாம் அப்பாவுக்காக ஏற்றி வைத்திருந்தாள். அதைத் துணி வெட்டும் மேஜையில் வைத்து, சத்தத்தைக் குறைத்து, முதன்முறையாக முகம் கொடுத்துப் பார்த்தாள்.

முதலில் கண்ணில் பட்டது ஜன்னல் திரை. மாடிப்படி ஜன்னலில் தொங்கிய அந்தத் திரை காற்றில் அசைந்தது. கனத்த பருத்தித் துணி. அடிமடிப்பு இரண்டு விரல் அகலம். மடிப்பின் கனத்தால் கீழ் ஓரம் மட்டும் கொஞ்சம் தாமதமாகப் பின்னால் வந்தது. இவள் கிட்டத்தில் குனிந்து பார்த்தாள். திரையின் கீழ் ஓரம் தாமதமாகத்தான் வரும் என்று இவளுக்குத் தெரியும். எத்தனை ஆயிரம் திரை தைத்திருக்கிறாள். யாருமே பார்க்காத ஒரு மூலையில் அதை வரைந்து வைத்தவருக்கு எப்படித் தெரிந்தது?

நிறுத்திப் பார்க்கலாம் என்று ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினாள். படம் நின்றது. மறுபடி ஓடவிட நினைத்து வேறொன்றை அழுத்தினாள். ஓடவில்லை, ஒரு நூல் நகர்ந்து நின்றது. மறுபடி அழுத்தினாள். இன்னொரு நூல். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு படம். சுவர்க்கடிகாரத்தில் ஒரு நொடி ஆவதற்குள் ஓடிப்போகிற இடத்தில் இருபத்து நான்கு படங்கள் இருந்தன. இரண்டு முறை எண்ணிப் பார்த்தாள். ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வரைந்திருக்கிறார்! உள்ளறைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள்.

"ஏங்க, கொஞ்சம் வாங்களேன்."

"என்ன?"

"இந்த நீர்யானை பீரோவைத் தூக்குறதுக்கு முன்னாடியே கால் விரல் விரியுதே, ஏன்?"

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. அவரால் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "எடை முதல்ல கீழதான் போகும். அப்புறம்தான் மேல வரும். அது தெரியாம வரைஞ்சா பஞ்சு மூட்டை." சொல்லிக்கொண்டே வந்து பக்கத்தில் நின்றார். "எங்க, காட்டு."

காட்டினாள். விரல்கள் விரிந்தன. முட்டி அமுங்கியது. தொடைச் சதை கீழே இறங்கியது. அதன் பிறகுதான் பீரோ தரையை விட்டது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கடைசிப் படி வந்ததும், "போதும், நிறுத்து" என்றார்.

"இருங்க." இவள் நிறுத்தவில்லை. விரல் மட்டும் பொத்தானில். பீரோ வழுக்க ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. ஆறாவது படத்தில் நீர்யானையின் வயிறு ஒரு பக்கமாகப் பிதுங்கியது. ஏழாவதில் அந்த வயிறு அணிலை இடித்தது. எட்டாவதில் அணில் காற்றில், ஜன்னலைப் பார்த்து. நீர்யானையின் கண் பீரோமேல் இல்லை. அணில் மேல் இருந்தது.

மூன்றே படங்கள். அதற்குப் பிறகு எல்லாம் வழக்கம் போலத்தான். பீரோ விழுந்தது, நீர்யானை சப்பட்டையானது.

"தள்ளி விட்டுடுச்சுங்க" என்றாள் இவள் மெல்ல. "அணிலை அதுதான் தள்ளி விட்டுருக்கு."

அவர், திரும்ப வை என்று விரலால் காட்டினார். திரும்ப வைத்தாள். ஆறு, ஏழு, எட்டு. மூன்றாம் முறை வைத்தபோது இவள் திரையைப் பார்க்கவில்லை, அவர் கையைப் பார்த்தாள். மேஜைமேல் வெட்டிப்போட்ட துணிக்கு நடுவே அவருடைய வலது கை எதையோ பிடித்திருந்தது. எட்டாவது படம் வந்ததும் அந்தக் கை சடக்கென்று தன் பக்கம் இழுத்தது.

"என்ன பண்றீங்க?"

அவரும் தன் கையைப் பார்த்தார்.

"வலது கை... மேல தூக்குற லீவர்" என்றார். "கட்டடத்தைச் சுத்திக் கட்டின பச்சை வலை படபடன்னு அடிச்சுது. காத்து வருதுன்னு தெரிஞ்சுது. கட்டு திரும்புச்சு. கொக்கியை அது பின்னால கொண்டுபோக இடது கையை நகர்த்தணும், நகர்த்தலை. தாமதம்தான். அப்புறம் அவன் முகம். சின்ன மீசை. வாய் திறந்திருந்துது. அப்புறம் இந்தக் கை..." நிறுத்தினார். "இழுத்துட்டேன். ரெண்டு அடி ஏத்திட்டேன். கை விறைக்கலை."

"விசில் தம்பி சொன்னாரே."

"தாமதமானது நிஜம்" என்றார் அவர். "அதுக்கு நான்தான் பொறுப்பு. ஆனா தூக்கினேன்." பிறகு லேப்டாப் பக்கம் திரும்பினார். "ஒரு நொடிக்குள்ள எவ்வளவு இருக்கு பாரும்மா" என்றார். ஏதோ ஒரு பெரிய கட்டடத்தின் உள்ளே நின்று அண்ணாந்து பார்ப்பவரின் குரல் அது.

திங்கட்கிழமை காலையில் அவர் கிளம்பியபோது இவள் எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை. ஸ்டோரா, ஏணியா, அவரும் சொல்லவில்லை. இவள் தைத்த திரைகளைக் கடையில் கொடுத்துவிட்டு, ஒரு நாளும் போகாத அந்தத் தெருவுக்குப் போனாள். எதிர்ப்பக்கம் ஒரு மருந்துக் கடை வாசலில் நின்று அண்ணாந்தாள். கழுத்து வலிக்கும் உயரம். கூண்டு ஒரு தீப்பெட்டியாகத் தெரிந்தது. உள்ளே யார் என்று தெரியவில்லை.

கீழே ஒரு கான்கிரீட் பலகையைக் கட்டினார்கள். விசில் சத்தம் கேட்டது. கயிறு இறுகியது. பலகை அசையவில்லை. இவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தாள். அந்த நீண்ட இரும்புக் கையின் நுனி மெதுவாக, மிக மெதுவாகக் கீழே வளைந்தது. வானத்தில் அவ்வளவு பெரிய இரும்பு பணிந்து கொடுத்தது. கால் விரல் விரிகிறது என்று இவளுக்குப் பட்டது. அதன் பிறகுதான் பலகை தரையை விட்டது.

ஏழு மாடி உயரத்தில் காற்று வந்தது. பலகை ஒரு பக்கம் போயிற்று. கொக்கி அதன் பின்னாலேயே ஓடி அதன் தலைக்கு மேலே வந்து நின்றது. பலகை ஆடவில்லை. சுவரில் மாட்டிய படம் போல ஆகாயத்தில் நின்றது.

தெருவில் ஜனங்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டு நடந்துபோனார்கள். ஒருவர்கூட அண்ணாந்து பார்க்கவில்லை. யாருடைய சட்டையையாவது பிடித்து இழுத்து, அங்கே பாருங்கள் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது இவளுக்கு. வெட்கம் விடவில்லை. பை கையில் கனக்க நின்றுகொண்டே இருந்தாள். இருபத்தைந்து வருஷமாக இவள் உயரத்தை மட்டும்தான் பார்த்திருந்தாள்.

மாலை ஐந்தரைக்கு டிவி ஓடியது. இவள் தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். அவர் அதைக் கவனித்தும் கவனிக்காதவர் போல இருந்தார்.

"காலையில பத்தேகாலுக்குத் தூக்கினீங்களே ஒரு பலகை" என்றாள். "மூணு டன் இருக்குமா?"

அவர் மெல்லத் திரும்பினார். "நீ எங்க இருந்தே?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"ரெண்டே முக்கால்" என்றார். பிறகு, "கண்ணு பரவாயில்லையே" என்றார்.

நீர்யானை கடைசிப் படிக்கு வந்திருந்தது. பீரோ வழுக்கியது. அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு நிச்சயம் கேட்டிருக்கும். இவள் சிரிக்கவில்லை. கண் சிமிட்டாமல் அந்த மூன்று படங்களைப் பிடிக்கப் பார்த்தாள். பிடிபடவில்லை. அவ்வளவு வேகம். ஆனால் அணில் ஜன்னல் விளிம்பில், வாலைச் சுருட்டிக்கொண்டு, உயிரோடு உட்கார்ந்திருந்தது.