கடலூரிலிருந்து சிதம்பரம்: நின்று நின்று போகும் பழைய காரோடு ஒரு நாள்

என் கணவர் இறந்து மூன்று வருடங்கள் ஆகின்றன. அவர் வாங்கிய காரை நான்தான் ஓட்டுகிறேன். கார்ப்ரேட்டர் வைத்த பழைய வண்டி. கடந்த தீபாவளியிலிருந்து அதற்கு ஒரு விசித்திரமான நோய். கடலூர் மஞ்சக்குப்பத்துக்குள் காய்கறி வாங்கப் போனால் ஒரு குறையும் இராது. நெடுஞ்சாலையில் இருபது கிலோமீட்டர் ஓடினால் இழுவை குறைந்து, குலுங்கி, நின்றுவிடும். கால் மணி நேரம் ஓரமாக நிறுத்திவைத்தால், ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும்.

பெங்களூரில் இருக்கும் என் மகன் வண்டியை விற்கச் சொல்லி, வாங்குவதற்கு ஆளே பார்த்துவிட்டான். "இன்னும் ஒரு தடவை சிதம்பரம் போய்ப் பார்க்கிறேன். வழியில் நின்று, காரணமும் தெரியாவிட்டால் சாவியைக் கொடுத்துவிடுகிறேன்" என்று சொன்னேன். சொன்ன சொல்லை மீறும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஆகவே போன சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பும்போது மெக்கானிக் ஜமால் பாயையும் உடன் அழைத்துக்கொண்டேன். என் கணவர் காலத்திலிருந்தே எங்கள் வண்டியைப் பார்ப்பவர். காயில், பிளக், பெட்ரோல் பம்ப் எல்லாம் மாற்றிவிட்டார். அவர் ஓட்டிப் பார்க்கும்போது மட்டும் வண்டி நிற்காது.

"என்னப் பாத்தா பயப்படுதும்மா. மாமியாரப் பாத்த மருமவ மாதிரி ஒழுங்கா நடந்துக்குது" என்று இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்தபடி சிரித்தார்.

"அப்ப இன்னிக்கு நீங்க மாமியாராவே வாங்க. ஆனா ஸ்டியரிங்க தொடக் கூடாது" என்றேன்.

வழியில் முதுநகர் பங்க்கில் டேங்கை நிறைத்தேன். வெளியூர் கிளம்பினால் டேங்க் நிறைந்திருக்க வேண்டும் என்பது என் பழக்கம். குடிகாடு வரும்போது கண்ணாடிகளை ஏற்றிக்கொள்ளுங்கள். ரசாயன ஆலைகளின் வாடை, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைப் பொறுத்து, இரண்டு மூன்று கிலோமீட்டர் கூடவே வரும். அதற்கப்புறம் சாலை நன்றாக இருக்கிறது. இந்த இடத்தில் என் கணவர் எப்போதும் கண்ணாடியை இறக்கிவிட்டு, "இப்பதான் ஊர்க்காத்து" என்பார். ஜமால் பாயும் இறக்கினார்.

புதுச்சத்திரம் தாண்டியதும் வண்டி குலுங்கியது. ஒரு புளியமர நிழல்வரை உருட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன்.

"ஆங், இன்னிக்கு மாட்டுனியா!" என்று பாய் குதிக்காத குறையாக இறங்கினார். முதலில் பிளக் ஒயரை எடுத்துப் பார்த்தார். பொறி பளிச்சென்று வந்தது. பிறகு கார்ப்ரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி, என்னை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ஒரு சொட்டுப் பெட்ரோல் வரவில்லை.

"பம்பு புதுசும்மா. டேங்க் புல்லு. ஆனா இங்க வரலியே, இன்னாத்துக்கு?"

"டேங்க் நெஜமாவே புல்லான்னு பாக்கலாம் பாய். அந்த பங்க் ஆள் முழிச்ச முழியே சரியில்ல" என்று சொல்லிவிட்டு, நானே போய் டேங்க் மூடியைத் திருகினேன்.

உஸ்ஸ்ஸ் என்று ஒரு நீண்ட சத்தம். உள்ளே காற்று இழுத்துக்கொண்டு போனது. பெட்ரோல் ஏறக்குறைய விளிம்புவரை இருந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்தேன். கழற்றிய குழாயிலிருந்து பெட்ரோல் பீய்ச்சியடித்தது.

பாய் மூடியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அதன் நடுவில் ஊசி முனை அளவுக்கு ஓர் ஓட்டை இருக்க வேண்டுமாம். பெட்ரோல் குறையக் குறைய அதன் வழியே காற்று உள்ளே போகும். போகாவிட்டால் டேங்குக்கு மூச்சு முட்டும்; பெட்ரோலை வெளியே விடாது. நிறுத்திவைத்தால் இடுக்குகளில் மெல்லக் கசிந்து காற்று சேரும், வண்டி கிளம்பும். பாயோ ஒவ்வொரு முறையும் பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்துவிட்டே, அதுவும் பத்து கிலோமீட்டருக்குள்ளேயே, ஓட்டியிருக்கிறார். நோய் எப்படித் தெரியும்?

அந்த ஓட்டை அடைத்திருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து, கெட்டியாக, மஞ்சளாக. சந்தனம்.

வெள்ளிக்கிழமைதோறும் வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பது என் கணவரின் வழக்கம். பானெட், ஸ்டியரிங், டேங்க் மூடி. மூடியில் மட்டும் பொட்டு எப்போதும் ஓரமாக இருக்கும். "நடுவில் வைக்கத் தெரியாதா?" என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கன்னியாஸ்திரீகளிடம் படித்தவளுக்குக் கோணல் பொறுக்காது. அவர் சிரிப்பார், அடுத்த வாரமும் ஓரமாகவே வைப்பார். அவர் போன பிறகு அந்த வழக்கத்தை விட மனமில்லாமல் நான் வைத்துவருகிறேன். நேர் நடுவில்.

"அவருக்கு இது தெரியுமா பாய்?"

"தெரிஞ்சும் வெச்சிருப்பாரும்மா. கை வாட்டத்துல வெச்சிருந்தாலும் வெச்சிருப்பாரு. நான் கேட்டதில்லியே."

சேலையிலிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன். பாய் கைநீட்டினார், பிறகு என்ன நினைத்தாரோ, "நீங்களே எடுங்கம்மா" என்றார். துளித் துளியாக எடுத்தேன். சந்தனம் இன்னும் மணத்தது.

சிதம்பரம் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை. கீழ வீதியில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது சிரமம். சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டு நடப்பது நல்லது. இருவரும் சம்பா சாதமும் கத்தரிக்காய்க் கொத்சும் சாப்பிட்டோம். கொத்சில் புளி ஜாஸ்தி என்றார் பாய். எனக்கும் அப்படித்தான் பட்டது. என் கணவர் இருந்திருந்தால் இன்னொரு கரண்டி கேட்டிருப்பார்.

திரும்பும் முன் மறுபடி டேங்கை நிறைத்தோம். நிறைந்திருந்தால் உள்ளே காற்றுக்கு இடம் குறைவு, அடைப்பு மிச்சமிருந்தால் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும். கடலூர்வரை மூடியைத் திறக்கவே இல்லை. வண்டி ஓர் இடத்திலும் திணறவில்லை. "மாமியாருக்கு வேல போச்சு" என்றார் பாய். வீட்டுக்கு வந்ததும் மகனிடம் பேசினேன்.

"வழியில நின்னுதாம்மா?"

"நின்னுது. ஏன்னு கண்டுபிடிச்சாச்சு. அந்த ஆள வர வேணாம்னு சொல்லிடு."

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். வண்டி நின்றதும் எதையும் மாற்றாதீர்கள். முதலில் பொறி வருகிறதா, பெட்ரோல் வருகிறதா என்று பாருங்கள். பெட்ரோல் வராவிட்டால் டேங்க் மூடியைத் திறந்து காதுகொடுங்கள். மெக்கானிக்கிடம் வண்டியை விட்டுவிட்டு வராமல், அவரையும் ஏற்றிக்கொண்டு அது நிற்கும் இடம்வரை போங்கள்.

இன்னொன்று. பக்கத்தில் உட்கார்ந்து வருபவர் ஒரு காரியத்தை வருடக்கணக்காக ஒரே மாதிரி செய்தால், திருத்துவதற்கு முன் ஏன் என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள். நான் கேட்டதெல்லாம் "தெரியாதா?" என்றுதான்.