முதல் அகப்பை

ஒலக்கூர்ப் பக்கத்து அந்தச் சிற்றூரில் ஆடிக் கூழ் காய்ச்சும் அண்டாவின் துடுப்பு பல வருடமாக வீரம்மாளிடம்தான் இருந்தது. அவள் கை, கழுத்து, முகமெல்லாம் வேர்க்கடலைப் பருப்பு அளவில் கட்டிகள். வலிக்காது, பழுக்காது. மாரியம்மன் போட்ட முத்து இறங்காமல் நின்றுவிட்டது என்று ஊர் நம்பியது. அதனால்தான் முதல் அகப்பைக் கூழை அவள் கையால் ஊற்றும் வழக்கம் வந்தது. முத்துக்கு வைத்தியம் பார்ப்பது குற்றம். இருமினாலும் இளைத்தாலும் அதுவும் ஆத்தா விளையாட்டு என்றார்கள்.

களையெடுக்கப் போன இடத்தில் ஒருநாள் மூச்சு அடைத்து வரப்பிலேயே சாய்ந்துவிட்டாள். விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காசநோய் இல்லை என்று தெரிந்தபின், ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். உடம்பில் இருப்பவை நரம்பில் வளரும் கட்டிகள், புற்று அல்ல. அந்தக் கோளாறோடு சேர்ந்து நுரையீரலும் கெட்டு, காற்றுக் குமிழிகளாகிவிட்டது. யாருக்கும் ஒட்டாது. ஆனால் பெற்ற பிள்ளைக்கு வரலாம்.

மகள் கலைப்பிரியாவின் முதுகில் பிறந்ததிலிருந்து இருக்கும் காப்பி நிறத் திட்டுகள் வீரம்மாளுக்கு நினைவு வந்தன. இப்போது தோளிலும் புதிதாகக் கட்டி.

திண்டிவனத்தில் பஸ் மாறும்போதே கணவன் அப்பாதுரை கண்டிப்பாகச் சொன்னான். ஊரில் வாய் திறக்கக் கூடாது, முத்தை நோய் என்றால் கோயில் மரியாதை போய்விடும், பெண்ணை எந்த டாக்டரிடமும் காட்ட வேண்டாம்.

ஆடி வந்தது. கேப்பைக் கூழ் இறங்கியதும் ஊரே தூக்கும் சொம்புமாக நின்றது. வீரம்மாள் அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, நடுநடுவே மூச்சு வாங்கி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

கோயில் தர்மகர்த்தா பெரியசாமிக்கு முகம் கறுத்தது. “ஆத்தா முத்தப் போயி நோவுன்னு சொல்லிக்கினு நிக்கிறியேம்மா. இனிமே யாரு குடிப்பாங்க?”

“எனக்கு மட்டும்னா சொல்லியிருக்க மாட்டேங்க. எம் பொண்ணுக்கும் வருது. அவளையும் வரப்புல சாய வுடச் சொல்றீங்களா? இது ஒட்டாதுங்க. வேணாம்னா அகப்பைய வச்சிட்டுப் போறேன்.”

ஒருவரும் அசையவில்லை. வாய்க்கால் தகராறில் அவளோடு பேச்சை விட்டிருந்த அருணாதான் தூக்கை நீட்டினாள்.

“ஆறுனா கட்டி தட்டிடும். ஜல்தியா ஊத்து. வெங்காயம் யாருகிட்ட கீது?”

யாரோ சிரித்தார்கள். வரிசை நகர்ந்தது. கடைசியில் பெரியசாமியும் சொம்போடு வந்தார்.

மறுநாள் மகளை விழுப்புரம் பஸ்ஸில் ஏற்றிப் போனது அப்பாதுரைதான். அவள் நுரையீரல் நன்றாக இருக்கிறது, வருடாவருடம் போய்ப் பார்த்து வருகிறாள்.

வீரம்மாள் போன தையில் கண்ணை மூடினாள். இந்த ஆடியில் அண்டா இறங்கியதும் பெரியசாமி அகப்பையை யாரிடமும் தராமல் நின்றார். முத்து என்ற பேச்சையே எடுக்கவில்லை.

“வீரம்மா பொண்ணு எங்க? அவ வந்து ஊத்தட்டும்” என்றார்.