அக்காவின் விரல் அச்சு

ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்தை உருட்டும் மெஷினின் பித்தளைத் தகடுகள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று முப்பரிமாண நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்ல வேண்டும். மெஷினையே தூக்கிக்கொண்டு வர முடியாது. அதனால் தகட்டின்மேல் ரப்பர் பசையை அப்பி, இறுகியதும் உரித்து, அந்த அச்சைக் கொண்டு வருவோம். நுண்ணோக்கி அதை அடுக்கடுக்காகப் படம் பிடித்து ஒன்றாகச் சேர்க்கும். கண்ணுக்குத் தெரியாத கீறல்கூடத் திரையில் பள்ளத்தாக்காக விரியும். "மலையில பொறந்தது பத்தாதுன்னு பொட்டிக்குள்ளயும் மலையப் பாக்குறான்" என்பாள் அக்கா.

அவள் அக்கரப்பத்தனையில் கொழுந்து பறிப்பவள். கணவர் இறந்துவிட்டார். மகளைப் படிக்க வைக்க வேறு வழி தெரியாமல், குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதென்று முடிவு செய்தாள். அவள் போவதில் எனக்குத் துளியும் விருப்பமில்லை. சண்டை போட்டேன். "நீ சும்மா கெட" என்று என் வாயை அடைத்துவிட்டாள்.

பாஸ்போர்ட்டுக்காகக் கொழும்புக்குப் போனவள் முகம் தொங்கத் திரும்பி வந்தாள். கைரேகை பிடிக்கும் மெஷின் அவள் விரல் ஒன்றைக்கூட ஏற்கவில்லையாம். சில வாரம் கழித்து வரச் சொல்லியிருந்தார்கள். "கொழுந்து கிள்ளிக் கிள்ளி ரேகையே தேஞ்சு போச்சுடா" என்று அழுதாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

இருந்தாலும் தொழில் புத்தி விடவில்லை. அவள் விரல்களில் பசையை அப்பி அச்செடுத்துப் போய் நுண்ணோக்கியில் வைத்தேன். கிள்ளுகிற கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தேய்ந்திருந்தால் நியாயம். சுண்டுவிரலும் அதே அளவுக்குத் தட்டையாகக் கிடந்தது. குறுக்கே, ஒரே பக்கமாக இழுத்த கீறல்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பித்தளையில் அதைத் தினமும் பார்க்கிறேன்.

"கைய எதுல தேச்ச?" என்று கேட்டேன்.

"தேசிக்காயும் செங்கல் தூளும். கறுத்த கையோட கொழும்புக்குப் போனா என்ன நெனப்பாங்க?"

கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் போகுமுன் எங்கள் பெண்கள் தேயிலைக் கறையை அப்படி எலுமிச்சையும் செங்கல் தூளும் போட்டுத்தான் போக்குவார்கள். பாஸ்போர்ட் என்றதும் இவள் தோலையும் சேர்த்துப் போக்கியிருக்கிறாள்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அடுத்த முறையும் நன்றாகத் தேய்த்துக்கொண்டுதான் போவாள், மெஷின் மறுபடியும் கைவிரிக்கும், அக்கா இங்கேயே இருப்பாள். அப்படியே விட்டுவிடத்தான் நினைத்தேன். ஆனால் அன்றிரவு அவள் தன் விரல்களில் தேங்காய் எண்ணெய் தடவி, பல்பு வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பாவமாக இருந்தது.

"இனிமே தேய்க்காத. தோல் வளந்துரும். கறையோடவே போ" என்றேன்.

கறையோடு போனாள். மெஷின் எல்லா விரலையும் எடுத்துக்கொண்டது.

பயணம் புறப்பட்ட அன்று புதுச் சுடிதாரும் கறுத்த விரல்களுமாக வேனில் ஏறினாள். ஏர்போர்ட்டிலும் ரேகை கேட்பார்கள் என்று யாரோ சொன்னதால் கறையைத் தொடவே இல்லை.

"அங்க போயாவது கழுவு."

"அங்க சட்டி பானை தேய்க்கிறதுலயே எல்லாம் போயிரும்டா" என்று சிரித்தாள்.

வேன் வளைவில் மறையும்வரை அவள் மகள் என் பக்கத்தில் கையசைத்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்: "தேய்க்காதன்னு நீங்க சொல்லாம இருந்திருக்கலாம், மாமா."