பேர் எழுதாத துடிப்பு

என் மனைவி அரிமளத்துக்காரி. எனக்கு வல்லத்திராக்கோட்டைப் பக்கம். நான் அரசு பஸ்ஸில் கண்டக்டர், அவள் அங்கன்வாடியில் வேலை. காலையில் நான் போகும் வண்டியிலேயே அவளும் ஏறுவாள். புருஷன் வண்டி என்று ஒருநாளும் சும்மா வந்ததில்லை. கையை நீட்டி டிக்கெட் வாங்கிக்கொள்வாள். உட்கார இடம் இருந்தாலும் நின்றுகொண்டே யாரிடமாவது பேசிக்கொண்டு வருவாள். முன்வாசலில் நின்று நான் விசில் ஊதும்போது பின்னாலிருந்து அவள் சிரிப்புக் கேட்கும். வண்டிக்குள் அத்தனை இரைச்சலிலும் அது தனியாகத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள், தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"மார்புல ஒரு கட்டி தட்டுப்படுதுங்க. வலியே இல்ல. அதுதான் யோசனையா இருக்கு."

புதுக்கோட்டையில் பார்த்த டாக்டரம்மா அன்றைக்கே வெளியூரில் இருக்கும் பெரிய புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தார். ஆபரேஷன் முடிந்தது. அதற்குப் பிறகு மருந்து ஏற்றினார்கள். பாட்டிலில் சிவப்பாகத் தொங்கும். "சர்பத்தை ஏத்துறாங்க பாருங்க. எனக்கு மட்டுந்தான், உங்களுக்குக் கெடையாது" என்று பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொல்வாள். தலைமுடி கொட்டியது. வாய் புண்ணாகி மோர்ச்சோறு கூட இறங்கவில்லை. ஆனால் பேச்சு மட்டும் குறையவில்லை. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ரயிலில் போய்வருவோம். ஜன்னலோரம் அவள்தான் உட்காருவாள்.

கடைசி மருந்தும் ஏறி முடிந்தது. ஸ்கேன் பார்த்து, கட்டி எங்கேயும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நானும் அவளும் ஆஸ்பத்திரி வாசலில் இருந்த டீக்கடையில் நின்று ஆளுக்கு இரண்டு வடை தின்றோம். எனக்கு அழுகை வந்தது. அவள் என்னைப் பார்த்துவிட்டு, "சட்னி காரமோ?" என்று கேட்டாள்.

சில மாதங்கள் கழித்து, அங்கன்வாடியிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நெஞ்சுக்குள்ள கோழிக்குஞ்சு ஓடுறாப்புல இருக்குங்க. ஓடுது, நிக்குது, திரும்ப ஓடுது."

மறுபடியும் அதே ஆஸ்பத்திரி. ஈசிஜி எடுத்தார்கள், எக்கோ பார்த்தார்கள். இதய டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். புற்றைக் கொன்ற அந்தச் சிவப்பு மருந்து சிலருக்கு இதயத் தசையையும் கொஞ்சம் சோர்ந்துபோக வைக்கும். தசை சோர்ந்தால் துடிப்பின் தாளம் தப்பும். அந்த மருந்து இல்லாமலும் முடியாது. யாருக்கு ஒத்துக்கொள்ளும், யாருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதை முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல இன்னும் வழி தெரியவில்லை. மாத்திரை தருகிறோம், விடாமல் சாப்பிடுங்கள் என்றார்.

அங்கே இருந்த நர்ஸ் ஒருவர்தான் நாடி பார்க்க எனக்குச் சொல்லிக்கொடுத்தார். கட்டைவிரலை வைக்கக் கூடாது, நடு இரண்டு விரலை வைக்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு அதுவே எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. சாயங்காலம் காப்பி குடித்துவிட்டுக் கையை என் பக்கம் நீட்டுவாள். நான் விரலை வைப்பேன். தொடர்ந்து தட்டிக்கொண்டு வரும், திடீரென்று ஒரு தட்டு விட்டுப்போகும். அந்த இடத்தில் என் மூச்சும் நின்றுவிடும். அடுத்தது கொஞ்சம் பலமாக வந்து விழுந்த பிறகுதான் எனக்கு உயிர் வரும்.

"என்ன சொல்லுது?" என்பாள்.

"நல்லாத்தான் இருக்கு."

"உங்க மூஞ்சி அப்படிச் சொல்லலியே."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் அவள் கையை அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை. எங்கள் பக்கத்தில் அப்படிப் பழக்கமும் இல்லை. துபாயில் இருக்கிற எங்கள் மகன் ஒருநாள் வீடியோ காலில் இதைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, ரெண்டு பேரும் புதுசா கல்யாணம் ஆனவுக மாதிரி இருக்கீங்க" என்று சிரித்தான். அவள் கையை இழுத்துக்கொண்டாள். போன் வைத்ததும் திரும்ப நீட்டினாள்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஆராய்ச்சி செய்கிற ஒரு இளம் டாக்டர் எங்களைத் தேடி வந்தார். வெள்ளைக் கோட்டுப் பையில் இரண்டு மூன்று பேனா செருகியிருந்த பெண். என் மனைவியின் ரத்தம் கொஞ்சம் வேண்டும் என்றார்.

"எதுக்கு தாயி? எடுத்த ரத்தமெல்லாம் பத்தாதா?" என்றாள் இவள்.

"இது உங்க வைத்தியத்துக்கு இல்லம்மா. ரத்தத்துல இருக்கிற செல்லை எடுத்து, அதைத் திரும்பவும் கருவுல இருக்கிற செல் மாதிரி ஆக்குவோம். அப்புறம் அதை இதயச் செல்லா வளர்த்தெடுப்போம். தட்டுல வச்சா அது துடிக்கும்மா. அதுமேல அந்தச் சிவப்பு மருந்தை விட்டுப் பாப்போம். யாரோட செல் தாங்குது, யாரோடது தாங்கலன்னு தெரிஞ்சா, பின்னால வர்றவங்களுக்கு முதல்லயே எச்சரிக்கையா இருக்கலாம்."

"தட்டுல துடிக்குமா? என் நெஞ்சு?"

"உங்க செல்லுலருந்து வளந்தது. ஆமாம்மா, துடிக்கும்."

எனக்கு மனசில்லை. குத்தாத இடமில்லை அவள் கையில். வேண்டாம் என்று தலையாட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"இதுனால எனக்கு ஒண்ணும் ஆகப்போறதில்லைல?"

"உங்களுக்கு நல்லதும் இல்ல, கெட்டதும் இல்ல. நேராச் சொல்லிர்றேன்."

"அப்பச் சரி. அங்கன்வாடியில எத்தனை பிள்ளைங்களுக்கு ஊசி போடப் புடிச்சுக் குடுத்திருக்கேன். நானே பயந்தா நல்லாருக்குமா?" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு முழங்கையை நீட்டினாள்.

அதற்குப் பிறகு எங்களுக்கு நல்ல காலம் ஒன்று கிடைத்தது. முடி வளர்ந்தது, முன்னைவிடச் சுருட்டையாக. வேலைக்குத் திரும்பப் போனாள். எனக்கு லீவு கிடைக்கிற நாளில் கட்டுமாவடிக்குப் போவோம். படகு வந்து மீன் இறங்குகிற நேரத்துக்கே போய்விட வேண்டும் அவளுக்கு. நண்டை முதுகைப் பிடித்துத் தூக்கிப் பார்த்து, கனம் இல்லாததைத் திரும்பப் போடுவாள். தண்ணீரில் கால் நனைய நின்றுகொண்டு, "இந்தக் கடல் மூச்சு வாங்குறதைப் பாருங்க. எனக்குத்தான் அப்படின்னு நெனச்சேன்" என்பாள்.

ஒரு காலையில் மாடியில் துணி காயப்போடப் படியேறியவள் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் ஓடிப்போய்ப் பிடிக்கும்போது கண் திறந்திருந்தது. ஏதோ சொல்ல வந்தாள். என் விரல் தானாக மணிக்கட்டுக்குப் போனது. ஒரு தட்டு, பிறகு இரண்டு சேர்ந்தாற்போல. அதற்குப் பிறகு நான் காத்துக்கொண்டே இருந்தேன். பக்கத்து வீட்டு ஆட்கள் வந்து என் கையை எடுத்துவிடும்வரைக்கும் அடுத்தது வரும் என்றுதான் இருந்தேன்.

புற்று அவளுக்குத் திரும்ப வரவே இல்லை. டாக்டர் இதைச் சொன்னபோது ஆறுதலுக்காகத்தான் சொன்னார்.

நான் வேலைக்குப் போனேன், ஓய்வும் பெற்றேன். மகன் வந்து கொஞ்ச நாள் இருந்துவிட்டு, "துபாய்க்கு எங்கூட வந்திருங்கப்பா" என்று கூப்பிட்டான். போகவில்லை. சாயங்காலம் காப்பி குடித்ததும் என் வலது கை சும்மா இருக்காது. எதையோ தேடும். என் இடது மணிக்கட்டிலேயே விரலை வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு தட்டுகூட விடாமல் ஒழுங்காக ஓடும். எனக்கு அதில் கேட்க ஒன்றும் இல்லை.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாள்தான் அந்த ரத்தம் ஞாபகத்துக்கு வந்தது. வந்த பிறகு அதை விட்டு என்னால் நகர முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, அங்கே இங்கே மாற்றி, கடைசியில் அந்த ஆராய்ச்சி டாக்டரே பேசினார். என் மனைவியை அவருக்கு ஞாபகம் இருந்தது. இறந்த செய்தி தெரியவில்லை. நான்தான் சொன்னேன். நேரில் வரலாமா என்று கேட்டேன். அனுமதி வாங்கிவிட்டுச் சொல்கிறேன் என்றார். சொன்னபடியே கூப்பிட்டார்.

ரயிலில் தனியாகப் போனேன். ஜன்னலோர இடம்தான் கிடைத்தது. பக்கத்தில் இருந்தவரைக் கேட்டு இடம் மாற்றிக்கொண்டேன்.

ஆராய்ச்சிக்கூடத்தில் கோட்டு மாட்டி, காலுக்கு உறை போட்டு, முகக்கவசம் கட்டி என்னை உட்காரவைத்தார்கள். டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

"ஐயா, ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க. இங்க எதுலயும் பேர் கிடையாது. ரத்தம் வரும்போதே பேரை எடுத்துட்டு ஒரு நம்பர் போட்ருவாங்க. யாரோடதுன்னு எங்களுக்கே தெரியக் கூடாதுன்னுதான் விதி. அம்மாவோடது இதுதான்னு என்னால காட்ட முடியாது."

"இங்கதான் இருக்கா? அதையாவது சொல்லலாமா?"

"இருக்கலாம். எல்லார் செல்லும் வளராதுங்க. சிலது வளரும், சிலது வராம போயிரும்."

எனக்கு அது போதும் என்று சொன்னேன். போதவில்லை. ஆனால் வேறென்ன சொல்வது?

உள்ளே போய், சூடாக வைத்திருக்கும் பெட்டியிலிருந்து ஒரு சின்னத் தட்டை எடுத்து வந்தார். உள்ளங்கையில் அடங்கும். ரோஸ் கலரில் கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரிந்தது. மைக்ராஸ்கோப்பில் வைத்துத் திரும்பி என்னைக் கூப்பிட்டார். நான் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தேன்.

முதலில் மங்கலாக இருந்தது. அவர் எதையோ திருகினார். மெல்லிய பாலாடை மாதிரி ஒன்று பரந்து கிடந்தது. அது சுருங்கியது. விட்டது. திரும்பச் சுருங்கியது. யாரும் தொடவில்லை, காற்றும் இல்லை. தானாகவே செய்துகொண்டிருந்தது. நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"இது பொம்பளையா, ஆம்பளையாம்மா?"

"தெரியாதுங்கய்யா."

"இதுக்கு வலி தெரியுமா?"

"தெரியாது. நரம்பும் இல்ல, நெனப்பும் இல்ல. துடிக்க மட்டும் தெரியும்."

பார்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அது மெதுவாவது மாதிரி எனக்குப் பட்டது. சுருங்குவதற்கும் விடுவதற்கும் நடுவில் இடைவெளி நீண்டது. நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

"மெதுவாகுதும்மா. என்னாச்சு?"

"ஒண்ணுமில்லய்யா. வெளியில இருக்கிறதால குளிருது. சூடு குறைஞ்சா துடிப்பு கொறையும்."

"உள்ள வச்சிருங்க. சீக்கிரம் உள்ள வச்சிருங்க தாயி."

அவர் மறுபேச்சுப் பேசாமல் எடுத்துக்கொண்டு போனார். பெட்டிக் கதவு மூடுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். "சூடு ஏறினதும் பழையபடி ஆயிரும். நானே பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. முகக்கவசம் நனைந்துவிட்டது. புதிது ஒன்று கொடுத்தார்.

ஆராய்ச்சி எங்கே வந்திருக்கிறது என்று கேட்டேன். மறைக்காமல் பேசினார். சிவப்பு மருந்து விட்டதும் சில தட்டுகளில் துடிப்பு தடுமாறுகிறது, சிலதில் தாங்குகிறது. ஏன் என்பது முழுசாகப் பிடிபடவில்லை. இதயத்தைக் காக்கிற மாத்திரையை முன்னாலேயே கொடுத்தால் தடுமாற்றம் குறைகிறதா என்று இப்போது பார்க்கிறார்கள். இதை வைத்து ஒரு நோயாளிக்கு முடிவு சொல்ல இன்னும் நாளாகும் என்றார். அவள் ரத்தம் கொடுத்தபோது பேசிய அதே நேர்மையில்தான் இப்போதும் பேசினார்.

"நோய் இல்லாதவங்க ரத்தமும் எடுப்பீங்களா?" என்று கேட்டேன்.

"எடுப்போம். ஒப்பிட்டுப் பாக்க வேணும்."

"எனக்குச் சுகர் இல்ல, பிரஷர் இல்ல."

என்னை நிமிர்ந்து பார்த்தார். இப்போதே முடிவெடுக்க வேண்டாம், வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வாருங்கள் என்றார். யோசித்துவிட்டேன் என்றேன். மகனிடம் பேசச் சொன்னார். அங்கேயே வராண்டாவில் நின்று அவனுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும், "அம்மா குடுத்தாகளா? எனக்குச் சொல்லவே இல்லியே" என்று கேட்டான். பிறகு, "குடுங்கப்பா" என்றான்.

ஈசிஜி எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி ரத்தம் எடுத்தார்கள். சின்னக் குழாய்தான். நர்ஸ் அதில் ஒரு நம்பர் ஒட்டினார். நான் அதைப் படிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வளர்ந்தால் அந்தப் பெட்டிக்குள்தான் வைப்பார்கள். ஒரே சூட்டில், ஏதோ ஒரு அடுக்கில்.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது, என்னோடு பல வருடம் ஓட்டிய டிரைவர் வண்டியை எடுக்கத் தயாராக நின்றிருந்தார்.

"என்னண்ணே, எங்கிட்டு போயிட்டு வாரீங்க?"

"ஆஸ்பத்திரிக்கு."

"ஒடம்புக்கு என்ன?"

"எனக்கு ஒண்ணுமில்ல. பாத்துட்டு வாரேன்."

யாரை என்று அவர் கேட்பதற்குள் கூட்டம் ஏறிவிட்டது. முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த பஞ்சை மட்டும் பார்த்தார்.

ஒரு வாரம் கழித்து டாக்டர் கூப்பிட்டார். அன்றைக்கே அந்தத் தட்டு பழையபடி ஆகிவிட்டதாம். சொல்ல மறந்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். என் செல் வளருமா என்று கேட்கவில்லை. கேட்டாலும் அவரால் சொல்ல முடியாது.

போன மாதம் அரிமளத்தில் அவள் வழி உறவுக்காரப் பெண் ஒருத்திக்கு அதே சிவப்பு மருந்து ஆரம்பித்தார்கள். முதல் பாட்டிலுக்கு முன்னாலேயே எக்கோ எடுத்துவிட்டார்களாம், நடுவிலும் எடுப்பார்களாம். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கட்டிலில் தெம்பாக உட்கார்ந்திருந்தாள். நலம் விசாரித்துவிட்டுக் கிளம்பும்போது, "அக்கா இருந்தா இந்நேரம் சிரிக்க வச்சிருப்பாக" என்றாள்.

ஆமாம். வீடு வரைக்கும் பஸ்ஸில் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். எனக்கு வேண்டியது தட்டில் துடிக்கிற ஒன்று இல்லை. பின்வாசல் பக்கமிருந்து அந்தச் சிரிப்பு ஒரு தடவை கேட்க வேண்டும். கூட்டத்துக்கு நடுவில் கையை நீட்டி அவள் டிக்கெட் கேட்க வேண்டும்.