கோஸ்டிக் சோடாவில் போட்ட கியர்பெட்டி

நான் முப்பது வருடம் இரசாயனம் படிப்பித்தவன். அலுமினியத்தைக் கோஸ்டிக் சோடாக் கரைசலில் போட்டால் உலோகம் கரையும், ஐதரசன் வாயு வெளிவரும் என்று கரும்பலகையில் எத்தனை தடவை எழுதினேனோ தெரியாது. அப்படிப்பட்ட நான் என் வீட்டு முற்றத்தில், பட்டப்பகலில், ஒரு அலுமினியக் கியர்பெட்டியை அதே சோடாவில் போட்டேன். ஏன் போட்டேன் என்று எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒன்றும் பிடிபடவில்லை.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. வெளிநாட்டுச் சாமான் எதுவும் கடைகளில் கிடைக்காத காலம். என் தங்கையின் கணவர் கட்டைபறிச்சானில் தோணி வைத்து மீன்பிடித்தவர். தோணியின் பின்பக்கம் மாட்டும் எஞ்சினில், தண்ணீருக்குள் நிற்கும் கியர்பெட்டியின் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. நகத்தால் தட்டினால் உள்ளே வெள்ளைப் பொடி. திருகோணமலையில் துறைமுகக் கரையோரம் கொட்டில் போட்டு எஞ்சின் திருத்தும் ஒரு பாஸ் இருந்தார்; கைவேலைக்காரரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவது. கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கத்துத் தோணிக்காரர் எல்லாரும் அவரிடம்தான் வருவார்கள். அவர் பெட்டியின் உள்ளே இருந்ததையெல்லாம் கழற்றி எடுத்துக்கொண்டு, வெறும் கூட்டை மச்சானிடம் கொடுத்திருந்தார். பழைய பெயின்ட் முழுவதையும் எடுத்தால்தான் புதிதாக அடிக்கலாம். பெயின்ட் கழற்றுகிற பசை கைவசம் இல்லை, வரும்வரை பொறுக்க வேண்டும். பொறுக்க ஏலாதென்றால் மரச்சீவலால் மெல்ல மெல்லச் சுரண்டலாம், கம்பித்தூரிகை படக் கூடாது. இதுதான் பாஸ் சொன்னது.

மச்சான் இரண்டு நாள் சுரண்டினார். உள்ளங்கையளவு இடம்தான் வெளித்தது. மூன்றாம் நாள் கூட்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு, குடாவைக் கடக்கும் லோஞ்சில் ஏறி, லிங்கநகரில் இருந்த என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"வாத்தியார் மச்சான், இறால் படத் துடங்கிட்டுது. ஊரே கடலில நிக்குது, நான் குச்சியால சுரண்டிக்கொண்டு இருக்கிறன். உங்கட படிப்பில இதுக்கொரு மருந்து இல்லையோ?"

"இருக்கு. அரை மணித்தியாலம் காணும்."

"அப்ப அதை இவ்வளவு நாளும் ஆருக்கு ஒளிச்சு வைச்சிருந்தனீங்கள்?"

மருந்து பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் இருந்தது. போய் எடுத்து வந்தேன். பழைய இரும்புக் கொளுக்கிகளின் பெயின்ட்டை முன்பு நான் அதில் ஊறவைத்துக் கழற்றியிருக்கிறேன். தோலுரிவது போல் வந்தது. அந்த நினைப்புத்தான் முன்னுக்கு நின்றது. ஆனால் கூட்டைத் தூக்கியபோது இரும்பின் பாரம் அதில் இல்லை என்று கை உணர்ந்ததும் எனக்கு நினைவிருக்கிறது. "இது அலுமினியம், கவனம் எண்டு பாஸ் சொன்னவர்" என்று மச்சான் அப்போது சொன்னாரா, அல்லது பிற்பாடு நானே அந்தப் பேச்சை அவர் வாயில் வைத்துக்கொண்டேனா? சில நாட்களில் அவர் சொன்னது காதில் கேட்கிறது. சில நாட்களில் கேட்பதில்லை.

சோடாவைக் கரைத்த வாளிக்குள் கூட்டைப் போட்டதும் பொங்கி நுரைத்தது.

"பாருங்கோவன், என்ன வேகம்!" என்று மச்சான் பீடியை வாயில் வைத்தபடியே வாளிக்கு மேல் குனிந்தார். வருவது தீப்பிடிக்கிற வாயு. நான் அவரைத் தடுக்கவில்லை. பெயின்ட் கழலுகிறது என்று நானும் சந்தோஷப்பட்டேன். இருவரும் தேத்தண்ணி குடிக்க உள்ளே போனோம்.

திரும்பி வந்தபோது வாளியைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு. கூட்டைத் தடியால் தூக்கி வெளியே எடுத்துக் கழுவினோம். பெயின்ட் போயிருந்தது. உலோகமும் போயிருந்தது. மூடி பொருந்தும் விளிம்பு எலி அரித்தது போல் கிடந்தது. மேலெல்லாம் கரி பூசிய மாதிரிக் கறுப்பு. கரும்பலகை அந்த நேரத்தில்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

"என்ன மச்சான் இது?"

உண்மையைச் சொல்லத்தான் வாய் திறந்தேன். வந்தது வேறு. "இது முந்தியே உப்புத் திண்ட சாமான். பெயின்ட் மறைச்சு வைச்சிருந்திருக்கு. பாஸ் கவனிச்சிருக்க வேணும்."

அன்று பின்நேரமே மச்சான் என்னையும் இழுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனார். அங்கே மூதூர்ப் பக்கத்துத் தோணிக்காரர் நாலைந்து பேர் நின்றார்கள். அவர்களுக்கு முன்னாலேயே மச்சான் கத்தினார்.

"உக்கின சாமானை நல்லது எண்டு கையில தந்தனீர் என்ன? கண் தெரியாட்டிக் கொட்டிலைப் பூட்டும் காணும்!"

பாஸ் கூட்டைக் கையில் வாங்கினார். பெருவிரலால் விளிம்பைத் தேய்த்தார். விரல் கறுத்தது. மச்சானை விட்டு என்னைப் பார்த்தார்.

"என்னத்தில போட்டனீங்கள், சேர்?"

"சவர்க்காரத் தண்ணியில," என்றேன். மருந்தின் பெயர் மச்சானுக்குத் தெரியாது. அவரும் தலையாட்டினார்.

"அப்ப என்ர பிழைதான்," என்றார் பாஸ். பழுதான வேறொரு எஞ்சினிலிருந்து கூடு ஒன்றைத் தேடி எடுத்து, அந்தக் கிழமையே மச்சானின் எஞ்சினில் பூட்டிக் கொடுத்தார். ஏன் அப்படிச் சொன்னார்? விரலில் பட்டது சோடா விட்ட கறுப்பு என்று அவர் அறியாதவரா? அவருடைய மகள் என் உயர்தர வகுப்பில் படித்தாள். அதற்காகவா?

மச்சான் அதோடு விடவில்லை. கட்டைபறிச்சானில் தொடங்கி ஈச்சிலம்பற்று வரைக்கும் கதை போயிற்று. லோஞ்சில் வந்திறங்கும் எஞ்சின்கள் வேறு கொட்டில்களுக்குப் போகத் தொடங்கின. நான் அந்த வழியால் போவதை நிறுத்தினேன்.

அடுத்த தவணையில் அலுமினியம் பாடம் வந்தது. சமன்பாட்டை எழுதிவிட்டுத் திரும்பினேன். பாஸின் மகள் எழும்பி நின்றாள்.

"அப்ப சேர், அலுமினியச் சாமானில பெயின்ட் எப்பிடிக் கழட்டுறது?"

தெரிந்து கேட்டாளா, தெரியாமல் கேட்டாளா? பசை பூசி ஊறவிட்டு, மரச்சீவலால் சுரண்டி, நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும், கம்பித்தூரிகை கூடாது என்றேன். அவளுடைய தகப்பன் சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னேன். அவள் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

இரண்டு வருடம் கழித்துப் பாஸை பஸ் நிலையத்தில் கண்டேன். ஸ்பானரும் சுத்தியலும் வைக்கும் ஆயுதப் பெட்டியோடு வேறு துறைமுகம் ஒன்றுக்கு வேலை தேடிப் போகிறார் என்று தெரிந்தது. பெட்டியை பஸ்ஸில் ஏற்ற ஒரு பக்கம் பிடித்தேன்.

"மகள் கெமிஸ்ட்ரியில நல்லாச் செய்திருக்கிறாள், சேர். எல்லாம் நீங்கள் படிப்பிச்ச படிப்பு."

நன்றியா, குத்தலா என்று முகத்தைப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. "ஓம்," என்று மட்டும் சொன்னேன். பஸ் போய்விட்டது.

மச்சான் அதன் பிறகும் பல வருடம் இருந்தார். எஞ்சின் பேச்சு வந்தால், கண் தெரியாத ஒரு பாஸைப் பற்றி ஆட்களுக்குச் சொல்லிச் சிரிப்பார். பக்கத்துக் கதிரையில் நான் இருந்து கேட்டிருக்கிறேன்.