யாரோடும் பறக்க மாட்டேன்

நாயையும் பறவையையும் சிநேகம் பிடித்துவைக்க ஏழு நாள் போதும் என்று சொன்னவர் சின்ன மாமா. அம்மாவின் கடைசித் தம்பி. எந்தக் காரியத்துக்கும் அவரிடம் ஒரு திட்டம் தயாராக இருக்கும். அது ஒருநாளும் அவர் சொன்னபடி முடிந்ததில்லை என்பது வேறு விஷயம். இந்தத் திட்டம் நாலாம் நாளே முடிந்துபோனது.

எனக்கு அப்போது ஏழு வயது. அதுவரை நானும் அம்மாவும் பொள்ளாச்சியில் இருந்தோம். கேரளத்து முதலமடையில் தன் பங்குக்கு வந்த மாந்தோப்பை அப்பா ஒரு வருஷமாகத் தனியாக இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். தோப்புக்குள்ளேயே வீடு. அந்த மாசியில்தான் நாங்கள் அங்கே குடிபோனோம். காய் இறக்கும் சமயம் என்பதால் ஒத்தாசைக்கு மாமாவும் வந்திருந்தார். எங்களில் மலையாளம் தெரிந்தவர் அப்பா ஒருவர்தான். எனக்கு பஸ் போர்டுகூடப் படிக்கத் தெரியாது.

காலையில் தோப்பு கலகலப்பாக இருக்கும். காய் பறிக்கிற ஆட்கள், பெட்டிகள், லாரி, சத்தம். மத்தியானம் ஆட்கள் சாப்பிடப் போனதும் எல்லாம் நின்றுவிடும். மரங்கள் எல்லாம் ஒரே உயரம், ஒரே இடைவெளி. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி தெரியும். காற்று மட்டும் மலைப் பக்கமிருந்து வந்து சருகைத் தள்ளிக்கொண்டு போகும். அந்தச் சரசரப்பு ஆள் நடக்கிற மாதிரியே இருக்கும். நான் அம்மாவின் சேலையை விட்டு நகர மாட்டேன். பட்டப்பகலில் என்ன பயம் என்று அம்மா திட்டுவாள். ராத்திரியை விட அந்தப் பகலைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

நாங்கள் குடிபோன வாரமே ஒரு நாயும் எங்கிருந்தோ வந்து சேர்ந்தது. கழுத்தில் கடித்து அறுத்த கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. செம்மண் நிறம் என்பதால் செவலை என்று பெயர் வைத்தேன். என்னிடம் பசு மாதிரி. இறக்கை உள்ள எதைக் கண்டாலும் அதற்கு ஆகாது. வந்த பத்து நாளில் ஆட்களின் கோழிகள் இரண்டைக் காலி செய்துவிட்டது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் மாமா பறவையைக் கொண்டுவந்தார். பக்கத்துத் தோப்பை யாரோ வெளியூர் வியாபாரி குத்தகைக்கு எடுத்திருந்தார். அங்கே காவலுக்கு இருந்தவன் இரண்டு நாள் முன்புதான் குடும்பத்தோடு போய்விட்டான் என்று கேள்வி. ஏணி கிடைக்குமா என்று பார்க்கப் போன மாமா, பூட்டிய வீட்டின் பின்பக்கம் ஒரு கூண்டு தொங்குவதைப் பார்த்திருக்கிறார். உள்ளே ஒரு மலை மைனா. தண்ணீர்க் கிண்ணம் காய்ந்து கிடந்ததாம். நெல்லியாம்பதிப் பக்கத்துக் காட்டுப் பறவை, கன்னங்கரேல் என்று இருக்கும், கண்ணுக்குக் கீழே மஞ்சள் தோல். இறக்கையை யாரோ கத்தரியால் வெட்டிவிட்டிருந்தார்கள். பப்பாளித் துண்டை நீட்டினேன், என் விரலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது. அந்த நிமிஷமே அது என்னுடையது என்று முடிவு செய்துவிட்டேன்.

அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"ஏனப்பா, நாய் இருக்கற ஊட்டுல இத கொண்டாந்து வெச்சா என்னாகும்? ஒரு வாரம் பாக்கறேன். ஒத்துப்போகுலீன்னா ரெண்டுல ஒண்ணு வெளிய போயிரோணும்."

"ஏழு நாள் போதுமுங்கக்கா. தெனம் கொஞ்சங் கொஞ்சமா கிட்டக்க கொண்டாந்தா பழகிப்போயிருமுங்க," என்றார் மாமா.

இரண்டில் ஒன்று என்றால் எதை விடுவது? அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாமாவின் திட்டம் இதுதான். மாங்காய் தரம் பிரிக்கிற தகரக் கொட்டகையின் ஒரு மூலையில் கூண்டு, எதிர் மூலைக் கம்பத்தில் நாய். ஒவ்வொரு நாளும் கூண்டை இரண்டு முழம் முன்னால் நகர்த்த வேண்டும். நாய் குரைக்காமல் இருந்தால் ஒரு பிஸ்கட். அப்பாவுக்கு இதையெல்லாம் கவனிக்க நேரமில்லை. விடிந்ததும் லாரியோடு கோவிந்தாபுரம் மண்டிக்குப் போனால் இருட்டித்தான் திரும்புவார்.

முதல் நாள் செவலை குரைக்கவே இல்லை. மாமாவுக்கு வாயெல்லாம் பல். எனக்கு மட்டும் என்னவோ சரியில்லை என்று பட்டது. கோழியைப் பார்த்தால் காது விடைக்கிற நாய், கூண்டைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தது.

இரண்டாம் நாள் மைனா முதன்முதலாகச் சத்தம் போட்டது. பேச்சில்லை. கிரீச் என்று ஒரு இழுப்பு, பிறகு டக். இரும்பு நாதாங்கியை இழுத்துப் போடுகிற சத்தம், அச்சு அசலாக. அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஆரது கதவச் சாத்தறது?" என்று கேட்டாள். கொட்டகைக்குக் கதவே கிடையாது. செவலை வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு கம்பத்துக்குப் பின்னால் போய் ஒடுங்கியது.

மூன்றாம் நாள் ஒரு ஆண் குரல் கேட்டது. கனத்த குரல். தொண்டையைச் செருமிவிட்டு, "கெடக்கடா அவிடெ!" என்று யாரையோ அதட்டியது. நான் கொட்டகை முழுக்கத் தேடினேன். பிறகுதான் மைனாவின் தொண்டை அசைவதைப் பார்த்தேன். அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய ஆள் பேசினான். செவலை நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது. மாமா விழுந்து விழுந்து சிரித்தார்.

"பாத்தயா அம்மிணி, ரெண்டு கோழியத் தின்னவன் ஒரு மைனாவுக்குப் பயந்து நிக்கறான்!"

நானும் சிரித்தேன். பயந்தால் கடிக்காது, கடிக்காவிட்டால் இரண்டும் வீட்டில் இருக்கலாம். என் கவலையெல்லாம் அதோடு சரி.

நாலாம் நாள் மத்தியானம். ஆட்கள் போய்விட்டார்கள். அம்மா உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்தாள். மாமா வீட்டுக்குள் விசிறிக்குக் கீழே படுத்திருந்தார். கூண்டுக்கும் நாய்க்கும் நடுவே நாலு முழம்கூட இல்லை. நான் கூண்டின் முன்னால் உட்கார்ந்து, மைனாவுக்குப் பறக்க ஞாபகப்படுத்தலாம் என்று நினைத்தேன். இரண்டு கைகளையும் இறக்கை மாதிரி அடித்துக்கொண்டு, "பற... பற..." என்றேன்.

மைனா தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது.

"பற! பற!" என்று அதட்டினேன்.

அது இறகுகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு பாதியாகச் சுருங்கியது. பிறகு ஒரு பெண் குரலில் பேசியது. அழுது அழுது தீய்ந்துபோன குரல், மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது.

"ஞான் ஆரோடும் பறயில்ல. வாதில் துறக்கு."

எனக்கு அர்த்தம் புரிந்துவிட்டது என்றே நினைத்தேன். எங்கள் பக்கம் யார் என்பதை ஆர் என்போம். வாதில் என்றால் வாசலாகத்தான் இருக்க வேண்டும். நான் யாரோடும் பறக்க மாட்டேன், கதவைத் திற என்று மைனா கெஞ்சுகிறது. நான் பறக்கச் சொன்னதற்கு இவ்வளவு மரியாதையாக ஒரு பறவை பதில் சொல்லுமா? மனசு இளகிப்போய்க் கூண்டைத் திறந்துவிட்டேன். திறந்த பிறகுதான் செவலையின் ஞாபகம் வந்தது.

மைனா தரையில் குதித்து நேராக நாயிடம் போனது. செவலை கடிக்கவில்லை. எழுந்து நின்று வாலை ஆட்டியது. அது பார்த்தது மைனாவை அல்ல. கொட்டகைக்கு வெளியே, மரங்களுக்குள், வேலிப் பக்கம் பார்த்தது. மைனா அதன் முன்னங்கால்களுக்கு நடுவில் நின்று மறுபடியும் அந்தக் குரலில், "வாதில் துறக்கு" என்றது. செவலை முனகியது. ஒரே இழுப்பில் மாமா போட்ட முடிச்சு அவிழ்ந்தது. நாய் வேலியை நோக்கி ஓடியது.

நாய் போய்விட்டால் இரண்டில் ஒன்று என்று அம்மா சொன்னது நடந்துவிடும், எனக்கு இரண்டும் வேண்டும். மைனாவைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். அந்த மத்தியானத்தில், அந்த மரங்களுக்குள், முதன்முதலாகத் தனியாக. சருகில் என் காலடிச் சத்தம் கேட்டது. அதோடு சேர்ந்து இன்னொரு காலடியும் கேட்பதாக எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. நின்றால் அதுவும் நின்றது. வேலிச் சந்தில் புகுந்து வெளியே வந்தபோது பக்கத்துத் தோப்பு வீடு எதிரில் இருந்தது. பின்பக்கத்து அறைக் கதவைச் செவலை கால்களால் பிராண்டிக்கொண்டிருந்தது. கதவில் ஏற்கெனவே நாய் நகத்தின் கோடுகள் நிறைய இருந்தன. புதிதாகப் போட்டவை அவற்றின் மேலேயே விழுந்தன.

எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று தெரியவில்லை. என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு அப்பாவும் மாமாவும் ஓடிவந்தார்கள். லாரி சீக்கிரம் கிளம்பிவிட்டதால் அப்பா அன்று சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தார். அடி விழும் என்று காத்திருந்தேன். அப்பா என்னைக் கவனிக்கவே இல்லை. கதவைப் பார்த்தார். பூட்டு இல்லை. கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு பெரிய இரும்பு நாதாங்கி.

அப்பா அதை இழுத்தார். கிரீச், டக். மைனா போட்ட அதே சத்தம்.

உள்ளே யாரும் இல்லை. ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு பிளாஸ்டிக் குடம். ஜன்னலுக்கு வெளியிலிருந்து பலகை அடித்திருந்தது. செவலை உள்ளே போய்ப் பாயை மோந்து பார்த்துவிட்டு அதன்மேல் படுத்துக்கொண்டது. எனக்கு அது ஒரு சாதாரண அறையாகத்தான் தெரிந்தது. அப்பா முகத்தில் ஈயாடவில்லை.

"பறன்னு சொன்னா இது என்னமோ பேசுதுங்க மாமா, நீங்க கேளுங்க," என்றேன் நான். மாமா அப்பாவிடம், "பறன்னு சொன்னா மைனா பேசுதாமுங்க," என்றார். அப்பா மைனாவிடம் மெதுவாக, "பற" என்றார். அது சொன்னது. அப்பா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மாமா தோளைத் தொட்டு என்னவென்று கேட்டதும் சொன்னார். "பறன்னா மலையாளத்துல சொல்லுன்னு அர்த்தம். 'நான் ஆருகிட்டயும் சொல்ல மாட்டேன், கதவத் தொறங்க'ங்குது."

மறுநாள் போலீஸ்காரர்கள் வந்தார்கள். புது ஆட்களைக் கண்டு மிரண்ட மைனா, அவர்கள் எத்தனை முறை "பற" என்றும் ஒரு வார்த்தை பேசவில்லை, செருமிக் காட்டியதோடு சரி. காவல்காரன் எந்த ஊர்க்காரன் என்பது குத்தகைக்கு எடுத்தவருக்கே சரியாகத் தெரியவில்லை. அவன் மனைவி ஒருத்தி இருந்தாள் என்பதை மட்டும் இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். அவள் முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. அவள் எங்கே போனாள், இருக்கிறாளா என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

மலை மைனாவை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று பத்து நாள் கழித்து வனத்துறைக்காரர்கள் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். இறகு முளைத்ததும் காட்டில் விடுவதாகச் சொன்னார்கள். நான் அழுதேன், செவலை அவர்களின் ஜீப்புக்குப் பின்னால் ரோடு வரைக்கும் ஓடியது. அம்மாவின் நிபந்தனைக்கு அவசியமே இருக்கவில்லை. அந்தப் பத்து நாளும் நாய் கூண்டுக்கு அடியில்தான் தூங்கியது.

அந்தப் பத்து நாளும் அப்பா மத்தியானம் வீட்டில் இருந்தார். லாரியோடு மாமாவை அனுப்பிவிட்டு, கூண்டுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். "பற" என்பார். மைனா சொல்லும். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். மறுபடியும் "பற" என்பார். சில நாள் எழுந்து வேலி வரைக்கும் போய் நின்றுகொண்டு, என்னைப் "பற" என்று சொல்லச் சொல்லி, மைனாவின் குரலை அங்கிருந்து கேட்பார். அப்பாவுக்கு மைனாவை இவ்வளவு பிடித்துப்போய்விட்டதே என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

போன வருஷம்தான் அம்மா சொன்னாள். நாங்கள் வருவதற்கு முன்னால், அப்பா தனியாக இருந்த மாதங்களில், மத்தியான வேளைகளில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து இதே வார்த்தைகள் அவருக்குக் கேட்டிருக்கின்றன. ஒருநாள் மனசு கேட்காமல் அந்த வீட்டு வாசலில் போய் நின்று விசாரித்திருக்கிறார். காவல்காரன் சிரித்துக்கொண்டே கூண்டைக் காட்டினானாம், எங்கள் மைனா அப்படித்தான் பேசிக்கொண்டே இருக்கும் என்று. அப்பாவும் சிரித்துவிட்டு வந்திருக்கிறார். அதற்குப் பிறகு குரல் கேட்டபோதெல்லாம் மைனா என்று நினைத்துக்கொண்டு தன் வேலையைப் பார்த்திருக்கிறார்.

கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பத்து நாளும் அவர் செய்த வேலை அதுதான். ஒரு வருஷமாகத் தன் காதில் விழுந்ததில் எந்த நாள் மைனா, எந்த நாள் அவள் என்று பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் காலடியில் உட்கார்ந்துகொண்டு, மைனா தெளிவாகச் சொன்ன ஒவ்வொரு முறையும் கைதட்டினேன்.