சாந்தகுமாரி துண்டித்த அழைப்பு

புனேயின் கட்கி கடைவீதிக்குப் பின்னால், வெடிமருந்துத் தொழிற்சாலைக் குடியிருப்பை ஒட்டிய சந்தில் பிறந்து வளர்ந்தவள் சாந்தகுமாரி. அவளுடைய அப்பா அந்தத் தொழிற்சாலை வேலைக்காக வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். கணவன் ஸ்டீபனுக்கும் அங்கேதான் வேலை. அவள் மட்டும் பதினேழு வருடங்களாக பக்கத்துப் பகுதியான ஔந்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் தொலைபேசி ஆபரேட்டராக இருக்கிறாள்.

டாக்டர் எங்கே, ஆம்புலன்ஸ் எங்கே, என் அப்பா எந்த வார்டு என்று கத்திக்கொண்டு வருகிற குரல்களை அமைதிப்படுத்தி, போக வேண்டிய இடத்துக்கு இணைத்துவிடுவது அவள் வேலை. மராத்தியும் இந்தியும் தெருவில் வந்தவை. ஆங்கிலத்தை அந்த நாற்காலியில் உட்கார்ந்தே கற்றுக்கொண்டாள். பதறுகிறவர்களிடம் ஒரு நேரத்தில் ஒரே ஒரு கேள்விதான் கேட்க வேண்டும் என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டாள்.

ஒரே மகள் தீப்தி. புனேவில் சுற்றுச்சூழல் அறிவியலில் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தவளுக்கு, மூன்றாவது செமஸ்டரை இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் படிக்கும் வாய்ப்பு வந்தது. பரிமாற்ற மாணவியாக நான்கு மாதம். படிப்புச் செலவு முழுக்க அவர்களுடையது.

ஸ்டீபனுக்கு அதில் இஷ்டமே இல்லை. "கடல்ல இன்னா இருக்குது? இங்கயே படிச்சா டிகிரி குடுக்க மாட்டேன்னா சொல்றாங்க?" என்று ஒரு மாதம் சண்டை போட்டான். பெற்றோர் ஒப்புதல் படிவத்தை அவன் தொடவில்லை. சாந்தகுமாரிதான் கையெழுத்துப் போட்டாள். "எதுனா ஆச்சுன்னா நீதான் பதில் சொல்லணும்" என்றான் அவன். "சொல்றேன்" என்றாள் அவள்.

அக்டோபர் மாதம், ஒரு வியாழக்கிழமை. பிற்பகல் ஒன்று நாற்பது. எலும்பு மருத்துவப் பிரிவுக்கு அழைப்புகள் ஓயாமல் வந்துகொண்டிருந்த நேரம். மேசையில் அவளுடைய கைபேசி அதிர்ந்தது. தீப்தி. அங்கே காலை ஒன்பது பத்து. வகுப்பில் இருக்க வேண்டிய நேரம்.

காதிலிருந்த ஹெட்செட்டை ஒரு பக்கம் தள்ளிவிட்டு எடுத்தாள். "இன்னாடி, கிளாஸ் இல்லையா?"

காற்றின் இரைச்சல்தான் கேட்டது. பிறகு மூச்சு வாங்கும் சத்தம்.

"ம்மா, குஸ்ஸா பண்ணாதே." கோபம் என்ற சொல் தீப்தியின் வாயில் எப்போதும் இந்தியில்தான் வரும். "லூசியா கால் சேத்துல மாட்டிக்கிச்சு. வெளிய வரல. முட்டி வரைக்கும் போயிடுச்சு."

லூசியா மெக்சிகோவிலிருந்து வந்த மாணவி. தீப்தியோடு ஒரே அறையில் இருப்பவள். வீடியோ அழைப்புகளில் பின்னாலிருந்து கையாட்டும் சுருட்டை முடிக்காரி.

சாந்தகுமாரியின் குரல் மாறவில்லை. "எங்க இருக்கே?"

"கடல்ல. இல்ல, கடல் இல்ல, தண்ணி பின்னாடி போன இடம்."

அந்தக் கரையைப் பற்றி தீப்தி நிறையச் சொல்லியிருக்கிறாள். நீர் வற்றும் வேளையில் கடல் கிலோமீட்டர் கணக்கில் பின்வாங்கிப்போய், மணலும் சேறுமாக ஒரு பெரிய வெளி கிடக்கும். அங்கே மண் மாதிரி எடுப்பதுதான் அவர்கள் பாடம். ஆனால் ஆசிரியரும் வழி தெரிந்த உள்ளூர்க்காரரும் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. இறங்கமாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் சேர்த்தார்கள்.

"யாரு கூட்டிட்டுப் போனாங்க?"

"நாங்களேதான். எங்க சாம்பிள் எல்லாம் கெட்டுப்போச்சு. நாளைக்கு ரிப்போர்ட் குடுக்கணும். சீக்கிரம் எடுத்துட்டு வந்துடலாம்னு..."

"நீங்க அங்க போனது யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

அழைப்புகளை இணைக்கும் பலகையில் விளக்கு எரிந்தது. இடது கையால் பொத்தானை அழுத்தி, "ஆர்த்தோ ஓபிடியா, கொடுக்கிறேன்" என்று மராத்தியில் சொல்லி இணைத்துவிட்டு, மறுபடி கைபேசிக்கு வந்தாள்.

"தண்ணி எங்க இருக்குது?"

"தெரியல. ஒரே பனியா இருக்கு. கரை எந்தப் பக்கம்னே தெரியல. ஆனா சத்தம் கேக்குது, ம்மா. சத்தம் வருது."

"அவசர போலீசுக்குச் சொன்னியா?"

தீப்தி எதையோ இழுக்கும் முனகல் கேட்டது.

"தீப்தி."

"சொன்னா எங்கள ஊருக்கு அனுப்பிடுவாங்க. ரூல் இருக்கு. பப்பா என்ன சொல்லுவாரு? நான் இழுத்துப் பாக்கறேன், கொஞ்சம் கொஞ்சமா வருது. நீ லைன்ல இரு. அது போதும்."

பின்னால் லூசியா ஏதோ கத்தினாள். அது என்ன மொழி என்று சாந்தகுமாரிக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தத் தொனி தெரியும். தினமும் கேட்கிற தொனி.

"போன்ல சார்ஜ் எவ்ளோ இருக்குது?"

"பதினொண்ணு."

போன வருடம் ஒரு மனிதர் பன்னிரண்டு நிமிடம் அவளிடம் பேசிக்கொண்டிருந்தார். மனைவிக்கு மூச்சு விட முடியவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னாரே தவிர, விலாசம் சொல்லவில்லை. அவருக்கு ஒரு குரல் வேண்டியிருந்தது. அவர் மனைவிக்கு வேண்டியிருந்தது ஆம்புலன்ஸ். தன் மகளும் இப்போது அந்த மனிதரைப் போலத்தான் பேசிக்கொண்டிருக்கிறாள் என்பது சாந்தகுமாரிக்கு உறைத்தது.

"தீப்தி, கேளு. நான் போனை வைக்கப்போறேன்."

"வேணாம்! ம்மா, வேணாம்!"

"அங்க அவசர நம்பர் இன்னா?"

"நைன் நைன் நைன்."

"அதப் போடு. கோஸ்ட் கார்டு வேணும்னு சொல்லு. அவங்க கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு, அவங்க சொல்றத மட்டும் செய்யி. எனக்குத் திரும்பப் போடாதே."

"நீ பேசிட்டே இருந்தா எனக்கு பயமா இல்லம்மா..."

"என்கிட்ட படகு இல்லடி."

துண்டித்துவிட்டாள். மணி ஒன்று நாற்பத்தாறு.

அரை நிமிடம்கூட ஆகவில்லை, கைபேசி மறுபடி அதிர்ந்தது. திரையில் தீப்தியின் சிரித்த முகம். சாந்தகுமாரி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எடுக்கவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அது அதிர்ந்து அதிர்ந்து மேசை விளிம்பு வரை நகர்ந்து, நின்றது.

வரவேற்பு மேசையிலிருந்த சுஷ்மா இதைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். "அக்கா, மகளோட போனாச்சே, ஏன் எடுக்கல?"

சாந்தகுமாரி நடந்ததை நாலு வரியில் இந்தியில் சொன்னாள். சுஷ்மாவின் முகம் வெளுத்தது. "நீங்க எழுந்திருங்க, பலகையை நான் பாத்துக்கறேன்" என்றாள்.

"வேணாம். சும்மா உட்கார்ந்தா நான் அவளுக்குப் போன் பண்ணிடுவேன்."

ஸ்டீபனிடம் சொல்ல முடியாது. தொழிற்சாலைக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது. வாசலில் ஒப்படைத்துவிட்டு, நாலரைக்குத்தான் வாங்குவான். அங்கிருக்கும் ஆபரேட்டர் அவளுக்குத் தெரிந்தவர்தான். எண்ணை அழுத்தப் போன விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். கூப்பிட்டு என்ன சொல்வது?

பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பு அலுவலக எண் சேர்க்கைக் கடிதத்தில் இருந்தது. கடிதத்தின் படம் கைபேசியில் இருந்தது. அவளுடைய கைபேசியிலிருந்து வெளிநாட்டுக்குப் பேச வசதி இல்லை. மருத்துவமனையின் வெளிநாட்டு இணைப்புக்கு நிர்வாக அதிகாரியின் ரகசிய எண் வேண்டும். ஆபரேட்டர் என்பதால் அவளுக்கு அது தெரியும். சொந்த வேலைக்கு அதைத் தொட்டால் வேலை போகலாம். தொட்டாள்.

மறுமுனையில் பேசிய ஆளின் உச்சரிப்பு முதலில் பிடிபடவில்லை. மெதுவாகச் சொல்லும்படி இரண்டு முறை கேட்டாள். மகள் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னாள், டி ஃபார் டெல்லி என்று தொடங்கி. இரண்டு மாணவிகள், சேற்று வெளி, பனி, ஒருத்தியின் கால் மாட்டியிருக்கிறது. அந்த ஆள், "காத்திருங்கள்" என்றார். ஏதோ இசை ஒலித்தது. எத்தனையோ பேரை இப்படி இசை கேட்கவைத்தவள், நான்கு நிமிடம் அதைக் கேட்டாள்.

"மேடம், கடலோரக் காவலுக்கு ஓர் அழைப்பு வந்திருக்கிறது. ஒரு பெண் பேசியிருக்கிறாள். நடுவில் இணைப்பு அறுந்துவிட்டது."

"ஒரு பெண்ணா, இரண்டு பெண்களா?"

"பேசியது ஒருத்தி. அதற்கு மேல் எனக்குத் தெரியாது. மீட்பு ஆட்கள் கிளம்பிவிட்டார்கள்."

கூப்பிட்டிருக்கிறாள். அதை மட்டும் பிடித்துக்கொண்டாள் சாந்தகுமாரி. இரண்டேகால் ஆயிற்று. இரண்டரை. பலகையில் விளக்குகள் எரிந்துகொண்டே இருந்தன. இணைத்தாள். ஒருமுறை பிரசவ வார்டைக் கேட்டவரைப் பல் மருத்துவருக்கு இணைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டாள். ஜெபம் செய்யலாம் என்று பார்த்தாள். முதல் வரிக்குப் பிறகு வார்த்தை வரவில்லை. சுஷ்மா தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தாள். தண்ணீரைப் பார்க்கவே அவளால் முடியவில்லை.

மூன்று இருபத்தைந்துக்கு, தெரியாத வெளிநாட்டு எண் ஒன்று கைபேசியில் வந்தது. யாராவது ஓர் அதிகாரியின் குரலாக இருந்தால் கெட்ட செய்தி என்று நினைத்துக்கொண்டே எடுத்தாள்.

"ம்மா." பற்கள் கிடுகிடுக்கிற சத்தம். "வந்துட்டோம். ரெண்டு பேரும்."

சாந்தகுமாரி கைபேசியைச் சுஷ்மா பக்கம் நீட்டினாள். அவள் அதை வாங்கி, "ஹலோ, பேட்டா, அம்மா கேட்டுட்டாங்க" என்றாள்.

நடந்ததைத் தீப்தி பிறகு கோவையாகச் சொன்னாள். கடலோரக் காவலின் பெண் ஒருத்தி, இழுக்காதே, இழுத்தால் இன்னும் உள்ளே போகும் என்றாளாம். லூசியாவைப் பின்பக்கமாகச் சாய்ந்து உட்காரச் சொல், உன் கோட்டை அவளுக்கு அடியில் விரி, நீ இடம் மாறாதே, விசிலோ குரலோ கொடுத்துக்கொண்டே இரு. அத்தோடு பேட்டரி தீர்ந்தது. விசில் இல்லாததால் தீப்தி கத்தினாள். தண்ணீர் எதிரிலிருந்து வரும் என்று பார்த்துக்கொண்டிருக்க, அது முதுகுப் பக்கமாக, கரைக்கும் அவர்களுக்கும் நடுவிலிருந்த பள்ளத்தில் முதலில் ஏறியது. லூசியாவின் இடுப்பை அது தொட்டபோதுதான், காற்றை ஊதி மிதந்து ஓடும் ஹோவர்கிராஃப்ட் என்ற மீட்பு வண்டியின் இரைச்சல் பனிக்குள்ளிருந்து கேட்டது.

அன்று மாலை சாந்தகுமாரி வீட்டுக்குப் போகாமல் நேரே தொழிற்சாலை வாசலுக்குப் போனாள். ஷிப்ட் முடிந்து வந்த ஸ்டீபன் அவளைப் பார்த்ததுமே நின்றுவிட்டான். "உயிரோட இருக்கா" என்றுதான் தொடங்கினாள். முழுவதையும் கேட்டுவிட்டு, சைக்கிள் நிறுத்தத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "வரச் சொல்லு அவள" என்றான். பிறகு இரண்டு நாள் மனைவியோடு பேசவில்லை.

பல்கலைக்கழகத்தில் விசாரணை நடந்தது. அந்தப் பாடத்துக்கு மதிப்பெண் இல்லை, இனி களப்பணிக்கு அனுமதி இல்லை. ஆனால் தானே உதவி கேட்டதால், மீதிப் பாடங்களைப் படித்து முடிக்கலாம் என்றார்கள். லூசியா மூன்று நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு, தானாகவே ஊருக்குப் போய்விட்டாள். சாந்தகுமாரி வெளிநாட்டு இணைப்பைப் பயன்படுத்தியதை மறுநாளே தானாக எழுதிக்கொடுத்தாள். ஒரு மெமோ வந்தது. வேலை போகவில்லை.

தீப்தியைத் திரும்ப அழைக்க வேண்டும் என்ற பேச்சு வீட்டில் நவம்பர் முழுக்க ஓடியது. சாந்தகுமாரி அசைந்துகொடுக்கவில்லை. "பயந்து வந்துட்டான்னா அந்த பயம் அவகூடவே இருக்கும். முடிச்சிட்டு வரட்டும்" என்றாள். அதைச் சொன்ன பிறகு அவளுக்குத்தான் இரவில் தூக்கம் வரவில்லை.

தீப்தி தினம் பேசினாள். சாப்பாடு, குளிர், பரீட்சை. அந்த நாளைப் பற்றி அதற்கு மேல் பேசவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேச்சின் நடுவில், "நான் ரெண்டாவது தடவ போட்டப்ப நீ பாத்தியா?" என்று கேட்டாள்.

"பாத்தேன்."

"பாத்துட்டா எடுக்கல?"

"எடுக்கல."

"அப்ப உன்மேல எனக்கு எவ்ளோ குஸ்ஸா வந்துச்சு தெரியுமா? சாகப்போறோம், இவ எடுக்கக்கூட மாட்டேங்கறான்னு. இப்பவும் சில நேரம் வருது, ம்மா. நீ பண்ணதுதான் சரின்னு தெரியுது. ஆனாலும் வருது."

சாந்தகுமாரி தன் பக்கத்து நியாயம் எதையும் சொல்லவில்லை. "வரட்டும்" என்றாள்.

"நீ அப்ப என்ன பண்ணிட்டு இருந்த?"

"ஆர்த்தோவுக்கு ஏழு லைன் போட்டேன். ஒரு பிரசவக் கேசை பல் டாக்டருக்குப் போட்டுட்டேன்."

தீப்தி சிரித்தாள். அது பாதியில் அழுகையாகிவிட்டது. சாந்தகுமாரி குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.